பாதிக் கல்யாணப் பெரியப்பா

அக்காவின் கல்யாணத்துக்கு மூன்று நாள் பயணம் போட்டிருந்தோம். முதல் நாள் மாப்பிள்ளை ஊர்ப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, இரண்டாம் நாள் வரவேற்பு, மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் தங்கை வீட்டில் விருந்து. ஒரு மினி பஸ். ஓட்டுநரைச் சேர்க்காமல் பதினேழு பேர்.

தலை எண்ணும் பொறுப்பு எனக்கு. பகலில் மருந்துக் கிடங்கில் வேலை. மாலை வகுப்பில் சரக்கு இருப்பு எடுப்பதைப் படிக்கிறேன். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் பதினேழு வரை எண்ணப் பொறுமை கிடையாது. எண்ணியதை உடனே எழுதிவைக்க வேண்டும் என்பது வகுப்பில் சொன்ன முதல் விதி. அதனால் ஒரு நோட்டும் வைத்திருந்தேன்.

எல்லோரும் வான நீலத்தில் உடுத்த வேண்டும் என்பது அத்தையின் யோசனை. "ஒரே கலர்ல இருந்தா யாரும் தொலைய மாட்டாங்க" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

பதினேழு பேரில் உண்மையில் காபந்து பண்ண வேண்டியவர் ஒருவர்தான். அப்பாவின் அண்ணன். குடும்பத்தில் அவருக்குப் 'பாதிக் கல்யாணம்' என்று பெயர். எந்தக் கல்யாணத்திலும் அவரை முடிவு வரை யாரும் பார்த்ததில்லை. ஒரு கல்யாணத்தில் அவருக்குக் கை வைக்காத நாற்காலி போட்டார்கள், போய்விட்டார். இன்னொன்றில் புகைப்படத்தில் அவர் தோள்பட்டை மட்டும் விழுந்தது, போய்விட்டார். சித்தி கல்யாணத்தில் என்ன காரணம் என்பது இன்றுவரை தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பாதான் பின்னாலேயே ஓடிக் கெஞ்சுவார். ஆறு வருடத்துக்கு முன்னால், "இனிமே கெஞ்ச மாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அக்கா கல்யாணத்துக்கு நகை கேட்கவில்லை, மண்டபம் கேட்கவில்லை. சாட்சிக் கையெழுத்தைப் பெரியப்பா போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். எட்டு வருடம் அவளைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர். படிவத்திலும் அவர் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். அலுவலகத்தில் பன்னிரண்டே முக்காலுக்கு மேல் கையெழுத்து வாங்க மாட்டார்கள்.

ஒன்பது மணிக்கு நெடுஞ்சாலை டீக்கடை ஒன்றில் நிறுத்தினோம். ஒன்பதரைக்கு எல்லோரும் ஏறினார்கள். முன்னாலிருந்து பின்னால் எண்ணினேன், பதினேழு. பின்னாலிருந்து முன்னால் எண்ணினேன், பதினேழு. கடைசி இருக்கையில் பெரியப்பா முகத்தின் மேல் கைக்குட்டையைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூங்கினால் யாரும் எழுப்புவதில்லை. தூங்குகிறவருக்குக் கோபம் வராது.

"கிளம்பலாமா?" என்றார் ஓட்டுநர்.

"கிளம்பலாம்" என்றேன். நோட்டில் எழுதினேன்.

நாற்பது நிமிடம் கழித்துக் கடைசி இருக்கையில் கைக்குட்டை விலகியது. அதன் அடியில் இருந்தவரை எனக்குத் தெரியாது.

"மண்டபம் வந்துடுச்சா?" என்றார் அவர். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "நீங்கல்லாம் மாப்பிள்ளை வீடா?"

கைக்கடிகாரம் பழுது பார்ப்பவராம். அவருடைய மச்சினன் மகனுக்குக் கல்யாணமாம். அவர்களும் மினி பஸ், அதுவும் வெள்ளை. அவர்களும் நீலச் சட்டை.

"எங்க வீட்லயும் ஒரு அத்தை இருக்காங்க" என்று விளக்கினார்.

அப்பா திரும்பி, காலியான இடத்தையே பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார். "போயிட்டான்" என்றார். "கையெழுத்துப் போடுற வரைக்கும்கூடத் தாங்கலை."

உடனே பஸ்ஸுக்குள் காரணம் தேட ஆரம்பித்தார்கள்.

"டீயை அவருக்குக் கடைசியா கொடுத்தேன்" என்றார் மாமா. "அதுவா இருக்குமோ?"

"நான் தள்ளி உக்காருங்கன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்" என்றாள் அத்தை.

"நீங்க சிரிச்சதுக்குத்தான் போயிருப்பாரு" என்றாள் சித்தி.

மாமா போன் போட்டார். பெரியப்பாவின் போன் எங்கள் தலைக்கு மேலேயே அடித்தது.

"வண்டியைத் திருப்பச் சொல்லுங்கப்பா" என்றாள் அக்கா.

"திருப்பினா கெஞ்சணும். நான் கெஞ்ச மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். சாட்சிக்கு மாமா இருக்காரு."

"படிவத்துல பெரியப்பா பேருப்பா."

"பேரை மாத்திக் கேப்போம்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் மேலே பார்த்தேன். போன் அடித்தது பெரியப்பாவின் பழுப்புப் பைக்குள்ளிருந்து. இதுவரை அவர் எத்தனை தடவை கோபித்துக்கொண்டு போயிருந்தாலும் முதலில் எடுத்தது பையைத்தான். பையை எடுத்தால் அப்பாவும் செருப்பைத் தேடுவார்; ஓட வேண்டுமே.

அந்தப் பை கண்ணில் படாமல் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று எனக்கு இப்போதும் சந்தேகம். எல்லோரும் பெரியப்பாவைத்தான் திட்டினார்கள். என் நோட்டை யாரும் கேட்கவில்லை.

"அவர் கோவிச்சுக்கிட்டுப் போகலை" என்றேன். "பை இங்கதான் இருக்கு. முகத்தைப் பாக்காம எண்ணினது நான். நான்தான் அவரை விட்டுட்டு வந்துட்டேன்."

அப்பா பையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை தடவை எண்ணினே?"

"ரெண்டு தடவைப்பா."

"ரெண்டு தடவையும் தப்பா?"

"ரெண்டு தடவையும் பதினேழுதான் வந்துது."

"வண்டியைத் திருப்புங்க" என்றார் அப்பா. "விட்டுட்டு வந்தவங்க போய்க் கூட்டிட்டு வர்றது கெஞ்சுறதுல சேராது."

டீக்கடைக்குத் திரும்பும்போது மணி பதினொன்று. இன்னொரு வெள்ளை மினி பஸ் அங்கேயே நின்றது. நீல உடையில் ஒரு கூட்டம் புதருக்குப் பின்னால்கூடத் தேடிக்கொண்டிருந்தது. கடிகாரக்காரர் இறங்கியதும் ஒரு அம்மா, அவருடைய மனைவியாகத்தான் இருக்க வேண்டும், "அங்க சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

பெரியப்பா கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை வைக்காத நாற்காலி. சட்டையின் முன்பக்கம் ஈரம் காய்ந்தும் காயாமலும் இருந்தது. டீ சிந்திவிட்டதாம், கல்யாணப் படத்தில் கறை தெரியக் கூடாதே என்று பின்பக்கக் குழாயில் அலசிக்கொண்டிருந்தாராம்.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவருக்குக் கோபப்பட நியாயமான காரணம் கிடைத்திருந்தது. யாரும் பக்கத்தில் போகவில்லை. அப்பாதான் போனார். ஆறு வருடம் பேசாதவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது, சும்மா நின்றார்.

பெரியப்பாவே பேசினார். "எம்மேல கோவிச்சுக்கிட்டு எல்லாரும் போயிட்டீங்கன்னு நெனச்சேன்டா."

அப்பா இன்னும் ஓரடி கிட்டே போனார்.

"என்ன தப்புப் பண்ணினோம்னு ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்தேன். ஒம்பது வந்துது."

"ஒம்பதுதானா?" என்றார் அப்பா.

"இன்னிக்குக் காலைலேர்ந்து மட்டும்."

அப்பா கையை நீட்டினார். பெரியப்பா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியும் கூடவே கொஞ்சம் எழுந்து விழுந்தது.

பதிவு அலுவலகத்துக்குள் நுழையும்போது பன்னிரண்டு முப்பத்தைந்து. பெரியப்பாவின் பை என் தோளில் இருந்தது. மாப்பிள்ளையும் அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். எழுத்தர் பேனாவைப் பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியப்பா காகிதத்தைப் பார்த்தார், சட்டைப்பையைத் தடவினார், என் பக்கம் திரும்பினார்.

"என் பையைக் கொடும்மா."

மாமா கதவை மறைத்து நின்றுகொண்டார். அப்பா கண் கீழே செருப்பைத் தேடியது.

பையைக் கொடுத்தேன். பெரியப்பா திறந்தார், கையை விட்டுத் துழாவினார், மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மணி பன்னிரண்டு நாற்பத்தொன்று. அக்கா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

கண்ணாடியைப் பைக்குள் வைத்து, பையை மறுபடி என்னிடமே நீட்டினார். "நீயே வச்சுக்க. நாளன்னிக்கு விருந்து முடிஞ்சதும் வாங்கிக்கிறேன்."

பஸ் கிளம்பும் முன் எண்ணினேன். பதினேழு. இந்தத் தடவை ஒவ்வொரு கைக்குட்டையையும் தூக்கிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த அத்தைக்குத்தான் கோபம் வந்தது.