தள்ளுவண்டியில் விழுந்த ஓட்டு

குடோனில் அன்று காலையிலிருந்து ஒரு மூட்டை நகரவில்லை. வாய்கள்தான் வேலை செய்தன. அரசாங்கக் காப்பீட்டிலேயே இருப்பதா, முதலாளி பேசி வைத்திருக்கும் தனியார் காப்பீட்டுக்கு மாறுவதா? எந்தப் பக்கம் போனாலும் மொத்த குடோனும் சேர்ந்துதான் போகவேண்டும்.

சுமை தூக்கும் தூண் மாறவே கூடாது என்று நின்றான். ஆளின் உடம்பைப் பார்த்து வைத்த பேர் அது. அவன் மனைவிக்கு இதய வால்வில் கோளாறு. அரசாங்கக் காப்பீடு செல்லும் பெரியாஸ்பத்திரியில் நடையாய் நடந்து, அடுத்த மாதம் ஆபரேஷன் என்று தேதி வாங்கி வைத்திருந்தான். காப்பீடு மாறினால் அது போச்சு.

மாறச் சொல்லிக் கத்தியவன் வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தம்பி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சந்துபொந்தெல்லாம் ஹாரனை அடித்துக்கொண்டே வருவதால் பேரே ஹாரன்.

“மாமா, எங்கப்பாவ அங்க வராண்டாவுல படுக்க வெச்சாங்க, மறந்துட்டியா? தனியார்ல ஏசி ரூம். அக்காவுக்கு அடுத்த வாரமே முடிச்சிடலாம்.”

“வராண்டாவுல போட்டாலும் வைத்தியம் பாத்தாங்கல்ல? உன்ன மாதிரி ஹாரன் அடிச்சு வெரட்டலையே மச்சான்.”

சிரிப்பு தகரக் கூரையில் போய் மோதியது.

மேஸ்திரி இரண்டு தள்ளுவண்டிகளை நிறுத்தினார். இடது வண்டி அரசாங்கம், வலது தனியார். ஓட்டுக்கு ஆளுக்கொரு கையுறையை வண்டியில் போடவேண்டும். வலது வண்டி மளமளவென்று குவிந்தது. திடீரென்று இடது ஏற ஆரம்பித்தது. பிறகு வலது. மறுபடி இடது. கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்.

“ஏம்ப்பா, தனியாருக்குத் தொண்டை கிழியக் கத்துனியே, இடது வண்டியில போட்டிருக்க?” என்று ஒருவனைப் பிடித்தார் மேஸ்திரி.

அவன் திருதிருவென்று விழித்தான். “வலது ரொம்பிடுச்சு மேஸ்திரி. கை தானா காலி வண்டிக்குப் போயிருச்சு.”

அவன் மட்டுமில்லை, பாதிப்பேர் அப்படித்தான். வண்டி சாயாமல் ஏற்றிப் பழகிய கைகள் ஓட்டையும் பாரம் பிரித்துப் போட்டிருந்தன.

“கைய நம்பி ஆகாது. ஆளாவே போய் நில்லுங்க,” என்றார் மேஸ்திரி, சிரிப்பு அடங்காமல்.

வலது பக்கம் ஓடிய ஹாரன், முதலாளி வரவழைத்திருந்த தனியார் காப்பீட்டு ஏஜெண்டின் முன் நின்று, மாமாவுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டான். “சார், எங்கக்காவுக்கு வால்வு ஆபரேஷன். அடுத்த வாரமே பண்ணிடலாம்ல?”

ஏஜெண்ட் பொய் சொல்லத் தெரியாத மனிதர். “ஏற்கெனவே இருக்குற நோய்க்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தாங்க. புதுசா வந்தா உடனே உண்டு.”

“இருக்குறத எப்படிங்க புதுசா வரவைக்கிறது?” என்றான் ஹாரன்.

சிரிக்க வாயெடுத்தவர்களுக்கு அவரவர் வீட்டுச் சர்க்கரையும் ஆஸ்துமாவும் ஞாபகம் வந்தது. ஹாரன் விறுவிறுவென்று இடது பக்கம் நடந்தான். அவன் பின்னால் இன்னொருவன், அப்புறம் கும்பலாக. மேஸ்திரிக்கு எண்ணுகிற வேலையே இல்லை.

தூணின் தோளை ஹாரன் இடித்தான். “ரொம்பச் சந்தோஷப்படாத மாமா. வராண்டா வராண்டாதான். பெட்டு கேட்டு சண்டை போட நானும் வருவேன்.”

“வா மச்சான்,” என்றான் தூண். “இந்தத் தடவ ஹாரன நல்லா அடி, அங்க கேக்கணும்.”