நடீன் அடைத்த தோட்டாக்கள்

தோட்டாவைப் பிரிப்பதற்கென்றே செய்த பொந்துச் சுத்தியலின் வாய்க்குள் செருகி, விறகுக்கட்டையில் ஓங்கித் தட்டினார் வெர்ல். மூன்றாவது தட்டில் ஈயக் குண்டு கழன்று, வெடிமருந்து கொட்டியது. தராசில் போட்டார். முள் ஆடி ஆடி, சரியான அளவுக் கோட்டில் நின்றது.

“சரியாத்தான் இருக்கு மச்சான்.”

“ஒண்ணு சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்குமா மாப்ள?” நடீனின் அண்ணன் ட்வெய்ன் கறுப்புக் கோட்டோடு சமையலறை வாசலில் நின்றார். “கடைசில அவளால காப்பிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியல. ஈயக் குண்டுக்கு அரைக்கூடு மருந்துதான். மறந்து ரெண்டு தடவை ஊத்தினாலும் கூட்டுக்குள்ள அடங்கிடும், வெளிய தெரியாது. துப்பாக்கி உன் மூஞ்சியில வெடிக்கும். கடைத் தோட்டா போடு.”

“அவ கேட்டது இதைத்தானே.”

தன் குழிமேட்டில், தானே அடைத்த தோட்டாவால் ஒரு வெடி. சாகும் முன் அவர் மனைவி நடீன் கேட்டது அவ்வளவுதான். தோட்டா விலை ஏறிய குளிர்காலத்தில் தோட்டா அடைக்கும் பழைய கைக்கருவி ஒன்றை வாங்கி, டயர் கடையில் கெஞ்சி வாங்கிய சக்கர எடைக்கட்டி ஈயத்தை நசுங்கிய வாணலியில் உருக்கத் தொடங்கியிருந்தாள். “எல்க் மான் சிரிச்சே செத்துடும்டி,” என்று வெர்ல் கிண்டலடித்திருந்தார்.

அடுத்ததைத் தட்டினார். அதே கோடு. அதற்கடுத்ததும். பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது.

“கை நடுங்கினவ எப்படி இப்படி...” என்றார் வெர்ல்.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மகள் டெஸ்ஸா திரும்பவில்லை. “காலையில வலி மாத்திரை போட மாட்டாங்கப்பா. போட்டா தலை மந்தமாயிடும்னு. வலியோடவே உக்காந்து, நடுக்கம் நிக்கட்டும்னு காத்திருப்பாங்க. ஒரு நாளைக்கு ஒரே ஒரு கூடு. வெடிமருந்து ஊத்தி, டார்ச் அடிச்சு உள்ள பார்த்து, குண்டை அடைச்சப்புறம்தான் மாத்திரை. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க.”

மேசை முழுக்கப் பித்தளைக் கூடுகள். ஒவ்வொரு காலையையும் அவரே தட்டிப் பிரித்துப் போட்டிருந்தார்.

பெட்டியில் ஒன்று மிச்சமிருந்தது.

ட்வெய்ன் சுத்தியலை நீட்டினார். “அதையும் பாத்துடு.”

வெர்ல் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இடுகாட்டில் ட்வெய்ன் எல்லோரையும் வண்டிகளுக்குப் பின்னால் விரட்டினார். “போங்க, தள்ளிப் போங்க!” பாதிரியாரைக்கூட விடவில்லை. பிறகு அவர் மட்டும் பனியை மிதித்துத் திரும்பி வந்து, வெர்லின் தோளோடு தோளாக நின்றார்.

“போ மச்சான்.”

“சுடு.”

வெர்ல் சட்டைப்பையிலிருந்த தோட்டாவைப் போட்டு, துப்பாக்கியை எதிரே இருந்த மொட்டைக் குன்றுக்கு உயர்த்தினார். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை நன்றாக அழுத்தி வைத்தார்.