ஏழாம் வகுப்பில் காற்று விற்ற விலை

ஏழாம் வகுப்பில் ஒரு பாடவேளைக் காற்றின் விலை இரண்டு பென்சில். வெயில் ஏறினால் மூன்று. முனை உடைந்த பென்சில் செல்லாது.

இந்த வியாபாரத்தைத் தொடங்கிவைத்தவள் துணிக்கடைக்காரரின் மகள். எதையும் எடை போட்டே பேசுவதால் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். வெயில் ஏறிய சுவர் முதுகைச் சுடும் பெஞ்சு அவளுடையது. அறையில் மின்விசிறி இருந்தது. சுற்றியதைவிட முனகியதுதான் அதிகம். கணக்கு ஆசிரியருக்குக் குளிர் ஆகாது என்பதால் நான்கு ஜன்னல்களில் ஒன்றுதான் திறந்திருக்கும். பிள்ளைகளுக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நன்றாக இருக்கிறது சார் என்று ஒரே குரலில் சொல்லியிருப்பார்கள். ஒரு மதியம் நோட்டு வேர்வையில் கையோடு ஒட்டிக்கொள்ள, தராசு ஜன்னலோரத்துத் தோழியான தையற்காரர் மகளிடம் இரண்டு பென்சிலை நீட்டி, உன் காற்றை எனக்குக் கொடு என்றாள். தோழி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். காற்று மூன்று தலைகளைச் சுற்றி வந்து தராசின் நோட்டைப் புரட்டியது. மறுநாளே சந்தை களைகட்டிவிட்டது. இலவசமாகக் கொடுத்தால் மட்டும் காற்று இருந்த இடத்தைவிட்டு அசையாது. அதற்கும் ஒரு மரியாதை வேண்டியிருந்தது.

விலை ஏறும்முன் சரக்குப் பிடிப்பதை அப்பாவிடம் பார்த்து வளர்ந்தவள் தராசு. தேர்வு வாரம் நெருங்கியதும், கடைக்கு வந்த விளம்பரப் பென்சில் பெட்டியைத் தூக்கிவந்து, வகுப்பின் ஒரு வாரக் காற்றை மொத்தமாக வாங்கிப் போட்டாள். அவள் பெஞ்சில் பேனா மை உறைந்தது. மற்ற பெஞ்சுகளில் மெழுகுக் கலர்கள் டப்பாவோடு உருகின. பேக்கரிக்காரர் மகன் வரைபடத்தின் மேலேயே மயங்கிச் சாய்ந்தான்.

தலைமை ஆசிரியை பூட்டோடு வந்தார். மறுநாள் கல்வித்துறை இன்ஜினியர் வந்து சூட்டை அளப்பார், அளவு கூடியிருந்தால் அறையைப் பூட்டிப் பிள்ளைகளை மற்ற பிரிவுகளுக்குப் பிரித்துவிடுவோம் என்றார். தராசும் தையற்காரர் மகளும் ஆளுக்கொரு பிரிவு. தராசு தோழியைத் திரும்பிப் பார்த்தாள். தன்னிடம் பேரம் பேசித் தோற்காத ஒரே ஆளையும் இழந்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் பிறகு என்ன இருக்கிறது?

காற்றைத் திருப்பி விற்கக் கிளம்பினாள். மூன்று பென்சில் என்றாள், இரண்டு என்றாள், கடைசியில் ஒன்றுக்கு இறங்கினாள். கோபத்தில் ஒருவரும் வாங்கவில்லை.

"நீயாவது வாங்கிக்கடி," என்றாள் தோழியிடம்.

"எனக்கெதுக்கு? ஜன்னலோரம் உக்காந்து நடுங்கிட்டு இருந்தேன். அன்னிக்கு நீ ஒரு ரப்பர் நீட்டியிருந்தாலே குடுத்திருப்பேன்."

"இதை ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"நீ எங்கடி கேட்ட? விலையைத்தானே கேட்ட."

வாழ்க்கையில் முதன்முறையாக விலை சொல்லாமல் தராசு பெஞ்சு பெஞ்சாகப் போனாள். யாருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஒருத்திக்குக் கால் மட்டும் குளிர்ந்தால் போதும். ஒருவனுக்குக் கரும்பலகையில் விழுந்து கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் போகவேண்டும். அடுப்படியிலேயே தூங்கி எழும் பேக்கரிக்காரர் மகனுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. தையற்காரர் மகள் வெயிலைத் தன் பெஞ்சுக்குக் கேட்டாள். கணக்கு ஆசிரியர்கூடக் கூச்சத்தோடு, பிடரியில் கொஞ்சம் சூடு இருந்தால் போதும்மா என்றார். இலவசமென்றால் காற்று அசையாதே என்று, அவர் உட்பட ஆளுக்கு ஒரு பென்சில் மட்டும் வாங்கிக்கொண்டாள். காற்றும் வெயிலும் அவரவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்தன.

இன்ஜினியர் பெஞ்சு பெஞ்சாக அளந்தார். எந்த இரண்டு பெஞ்சும் ஒத்துப்போகவில்லை. மோவாயைச் சொறிந்தபடி கூட்டி வகுத்துப் பார்த்தார். சராசரி, சட்டம் சொன்ன அளவில் கச்சிதமாக நின்றது. அறிக்கை எழுதத் தராசின் பெஞ்சில் உட்கார்ந்தவர், அவள் காற்று பட்டதும் கண்ணயர்ந்து, மணி அடித்த பிறகுதான் எழுந்து போனார். பூட்டு தலைமை ஆசிரியையின் அறைக்கே திரும்பியது.

அன்று சாயங்காலம் தராசு கணக்குப் பார்த்தாள். வகுப்பில் எல்லோர் கணக்கும் நேர். கணக்கு ஆசிரியர் கணக்கும் நேர். இன்ஜினியர் பெயரில் மட்டும், ஒரு பாடவேளைக் காற்றுக்கு, ஒரு பென்சில் பாக்கி.