வாலு கேட்ட ஒரு மடக்கு

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் புத்தகம் அச்சிட்ட காலத்துக் கதை ஒன்று வைத்திருக்கிறேன். புத்தகம் எழுதியவரை ஊரே அறியும். நான் சொல்லப்போவது அவர் வீட்டுக்காரியைப் பற்றி.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கணவர் எழுதிய ஒவ்வொரு வரியும் அவள் காதில் விழுந்துவிடும். அச்சகத்திலிருந்து சரிபார்ப்பதற்கான புரூப் தாள் வந்தால், அதைத் திருத்த வருகிறவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார். எழுத்தாளர் அச்சான தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். ஒரு புள்ளிகூட விட்டுப்போகாமல் கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்தே படிப்பது வழக்கம். அதனால் அந்தப் படிக்கிறவருக்கு அவள் வைத்த பெயர் கமா அண்ணன்.

"சாப்பிட்டுப் போங்கண்ணே."

"இருக்கட்டும்மா, கமா, இன்னொரு நாள் பாத்துக்கலாம், முற்றுப்புள்ளி" என்பார் அவரும்.

அன்று காலை அவள் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"குழந்தை உதட்டை நக்கிக்கொண்டு, அம்மா, கமா, ஒரு மடக்கு என்றாள், முற்றுப்புள்ளி. தாய் தண்ணீர்ச் செம்பை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தாள், முற்றுப்புள்ளி. புதுப் பத்தி."

கத்தி நின்றது.

அது அவள் மகள், அவளுடைய வாலு. ஆறு வயசு, ஓரிடத்தில் உட்காராத பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாந்தி கண்டு படுத்தபோது, வாந்தி நிற்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். சாயங்காலம் மூச்சும் ஓய்ந்தது. செம்பை மேலே வைத்ததைக் கணவரிடம் மட்டும், ஒரே ஒருமுறை, சொல்லி அழுதிருந்தாள்.

கமா அண்ணன் படியிறங்கியதும் கணவர் முன்னால் போய் நின்றாள்.

"அத எடுத்துடுங்க."

"எத?"

"செம்ப."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அத எடுத்தா கதையில உயிரே இருக்காதும்மா."

"அங்க உயிர் இருந்து எனக்கு என்ன? பெத்தவளே தண்ணி குடுக்கலன்னு தெருவே என்னைத்தானே பாக்கும்."

அவர் பேனாவை எடுத்தார். தாளை இழுத்து எதையோ அடித்தார். ஓரத்தில் எதையோ எழுதினார். எடுத்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புத்தகம் வந்தது. கைக்குக் கை மாறியது. ஒருநாள் தெருக்குழாயில் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வரிசையில் நின்றவள் ஆரம்பித்தாள்.

"அந்தப் புத்தகத்தப் படிச்சியாக்கா? அப்பனாம் அப்பன். புள்ள நாக்கு வறண்டு கேக்குது, செம்பத் தூக்கி அலமாரி மேல வெச்சானாம்."

"பேனா பிடிக்கத் தெரியுது. ஒரு மடக்கு தண்ணி குடுக்கத் தெரியல."

"மெதுவாப் பேசுடி. அவர் வீட்டம்மா முன்னாடி நிக்கிறாங்க."

குடம் நிரம்பி வழிந்தது. அந்த வரியில் தாய் என்ற சொல்லை அடித்துவிட்டுத் தந்தை என்று எழுதியிருக்கிறார் மனுஷன். கொஞ்ச நாளாக மாலை நடையை அவர் நிறுத்தியிருந்தாரே, முழங்கால் வலி என்றல்லவா சொன்னார்.

அவள் குழாயை மூடினாள்.

"அவரு இல்லக்கா" என்றாள். "செம்ப எடுத்து மேல வெச்சது நான்."

முதலில் திட்டியவளே குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள்.

"வழுக்கும். பாத்துப் போம்மா."

வீட்டில் அவர் எழுதிக்கொண்டிருந்தார். அவள் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"நான் கேக்கலையே?"

"கேக்க வேணாம். குடிங்க. குடிச்சிட்டுச் சட்டையப் போடுங்க, ரெண்டு பேரும் நடந்துட்டு வரலாம். உங்க முழங்கால் வலி எதனாலன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவர் பாதி குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினார். அவளும் ஒரு மடக்கு குடித்தாள். செம்பை மேசையிலேயே வைத்துவிட்டு அவருடன் படியிறங்கினாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பானையில் தண்ணீர் வற்றாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது கொடுக்கிற கையை யாரும் தடுக்காமல் இருக்கட்டும். போய் நன்றாக இருங்கள்.