மிளகாய்ச்செடி மேடத்துக்குத் தண்ணீர்

பயம் என்பது வேலையில்லாதவர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு. இந்த உண்மையை மனிதகுலத்துக்கு முதன்முதலில் அறிவித்தவன் நான்தான். அறிவித்த இடம் எங்கள் கல்லூரி கேன்டீன். அன்று வந்திருந்த மனிதகுலம் மொத்தம் நான்கு பேர், அதில் ஒருவன் மேசையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

சான்றாக என் அப்பாவை எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுன்ட்டர் வேலை. கண்ணாடியில் இருக்கும் அரைவட்ட ஓட்டை வழியாக ஊரே வந்து அவரைத் திட்டிவிட்டுப் போகும். அவர் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: “நாளைக்கு வந்துடும்.” வருமா வராதா என்பது அவருக்கும் தெரியாது, குழாய்க்கும் தெரியாது. இப்படியே போனதில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதியதோடு, மனதை ஆற்றிக்கொள்ள இயற்கையான வழி ஏதாவது பழகச் சொன்னார். நடை, செடி, நிதானமான மூச்சு, இப்படி. அப்பா சிக்கனமான மனிதர். மூன்றையும் ஒன்றாக்கி பால்கனியில் தொட்டிகளை அடுக்கிவிட்டார்.

சாயங்காலம் வந்ததும் குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தொட்டி தொட்டியாக நடப்பார். ஊற்றும்போது மூச்சை மெல்ல விடுவார். மண் குடித்து முடிக்கும்வரை அடுத்த தொட்டிக்கு நகரமாட்டார். அது பரவாயில்லை. ஒவ்வொரு செடியிடமும் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, “தண்ணி வந்துடுச்சு, மேடம்” என்பார். மேடம் என்பது மிளகாய்ச்செடி. தக்காளி, சார். கள்ளிச்செடி, பெரியவர், தண்ணீர் வராவிட்டாலும் புகார் கொடுக்காத ஒரே வாடிக்கையாளர்.

இதை நான் கேன்டீனில் நடித்துக் காட்டினேன். தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து கைதட்டினான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா மட்டும், “வாய் இருக்கு உனக்கு, வங்காள விரிகுடா மாதிரி” என்றாள்.

பிறகு என் இடது காது மந்தமானது. தண்ணீர் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மாடிப்படியில் தலை சுற்றி, கைப்பிடியை ஆசையோடு கட்டிக்கொண்டு நின்றேன். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், மணியைப் போல எதையோ தட்டிப் பார்த்தார், பேனாவை மூடினார். உள்ளே நரம்போரம் ஏதாவது வளர்ச்சி இருந்தாலும் இப்படி ஆகுமாம். “இருக்காது. ஆனா பார்த்துடலாம்” என்றார். அந்த “ஆனா”வை வீடுவரை கூடவே கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஸ்கேன் மையத்துக்கு அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். நாற்காலி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். சுவர்த் தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் ஒருவர் சிரித்துக்கொண்டேயிருந்தார். ஸ்கேன் எடுக்கும் அக்கா வந்து பெல்ட், மோதிரம், சாவி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். உடம்பில் எங்காவது இரும்பு இருக்கிறதா என்று கேட்டார். அன்று காலைவரை இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

பலகை போன்ற ஒன்றில் படுக்கவைத்தார்கள். காதில் பஞ்சு அடைத்து, முகத்தின்மேல் ஒரு கூண்டைக் கவிழ்த்து, கையில் ரப்பர்க் குமிழ் ஒன்றைக் கொடுத்தார்கள். முடியாவிட்டால் அதை அமுக்க வேண்டும். மற்றபடி தலையோ உதடோ அசையக் கூடாது. அசைந்தால் படம் கலைந்துவிடும், முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

பலகை உள்ளே போனது. மூக்குக்கு நேர்மேலே வெள்ளைக் கூரை. கண்ணை மூடினாலும் அது அங்கேயே இருப்பது தெரிந்தது. பிறகு சத்தம் ஆரம்பித்தது. யாரோ தகரக் கொட்டகையை இடிக்கிறார்கள், கொட்டகை என் தலை. உள்ளே என்ன இருக்கிறதோ அதை இந்நேரம் அந்த அக்கா பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அமுக்கினேன்.

பலகை வெளியே வந்தது. தும்மல் வந்ததாகச் சொன்னேன். அக்கா நம்பியதுபோல் தலையாட்டினார்.

இரண்டாவது தடவை இன்னும் தைரியமாகப் போய், இன்னும் சீக்கிரமாக அமுக்கினேன். பலகை மறுபடி வெளியே வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அக்கா கதவைத் திறந்து அப்பாவை வாசல்வரை கூப்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னார். “பயம் எல்லாருக்கும் வர்றதுதான் தம்பி. இன்னொரு தடவை பார்க்கலாம். அப்பவும் அமுக்கிட்டா இன்னைக்கு முடியாது, வெளியில ஆளுங்க காத்திருக்காங்க. அடுத்து நேரம் கிடைக்க ரெண்டு வாரம் ஆகும்.”

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. கையில் என் பெல்ட்டைச் சுருட்டி வைத்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. மகனே, பயம் வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்காச்சே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருக்கு அது தெரியும், அம்மா சொல்லியிருந்தாள்.

அவர் அக்காவைப் பார்த்து, “ரெண்டு வாரம்தானேம்மா, வந்துக்கலாம்” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “ஒண்ணும் அவசரமில்லடா. நல்லபடியா இருக்கும். பார்த்துக்கலாம்.”

எனக்கு அந்தக் குரலைத் தெரியும். சின்ன வயதில் பள்ளி விட்டதும் அவருடைய கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் காலிக்குடத்தோடு நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் அவர் பேசும் குரல். குழாயில் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, தெரிந்துகொள்ளவும் விரும்பாதபோது வரும் குரல். என் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு வாரம் தெரியாமல் இருந்தால் அவருக்கு இரண்டு வாரம் நிம்மதி.

அதுவரை நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று மனதில் ஓட்டிப் பார்த்தேன். நான் காதைத் தொடும்போதெல்லாம் அவர் பார்ப்பார். அவர் பார்ப்பதை நான் பார்ப்பேன். அம்மா எங்கள் இருவரையும் பார்த்தபடி சோறு போடுவாள். கூண்டைவிட அது சின்ன இடமாக இருந்தது.

“இல்லப்பா, எடுத்துடறேன்” என்றேன்.

“டேய், முடியலன்னா...”

“நாளைக்கும் இதே மண்டைதானேப்பா.”

அவர் சிரிக்கவில்லை. பெல்ட்டை இன்னும் இறுக்கமாகச் சுருட்டினார். அக்கா கூண்டை மாட்டினார்.

கூரை வந்தது. கொட்டகையை மறுபடி இடிக்கத் தொடங்கினார்கள். மூச்சு மேல்மார்போடு நின்று, இறங்கமாட்டேன் என்றது. கட்டைவிரல் தானாகவே குமிழைத் தடவியது. நினைப்பதற்கு எனக்கு எத்தனையோ உயர்ந்த விஷயங்கள் தெரியும். ஒன்றும் வரவில்லை. வந்தது பால்கனி. துணிக்கொடி, உடைந்த ஓடு, ஈரச் சிமென்ட் வாசனை, வரிசையாகத் தொட்டிகள்.

குவளையை எடுத்தேன். மிளகாய்ச்செடியின் அடியில் சாய்த்தேன். தண்ணீர் முடியும்வரை மூச்சை விட்டேன். சத்தம் நின்று, வேறு சுருதியில் ஆரம்பித்தது, உடம்பு தூக்கிவாரிப்போடப் பார்த்தது. மண் இன்னும் குடித்து முடிக்கவில்லை. அதனால் நகரக் கூடாது. காத்திருந்தேன். மேலே தேங்கியிருந்த தண்ணீர் மெல்லப் பழுப்பாகி, நுரைத்து, உள்ளே இறங்கியது.

பயம் போய்விடவில்லை. பக்கத்திலேயே நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் மட்டும் குமிழிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது.

உதடு அசையக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தார். அசைக்காமல், மிகுந்த மரியாதையோடு, தண்ணி வந்துடுச்சு மேடம் என்றேன். பிறகு தக்காளி சாரிடம் போனேன்.