கடல்மட்டத்து ஹைதராபாத்

இந்த ஊர் குளிர்ந்துவிட்டதாம். நூறு வருஷத்தில் இரண்டு டிகிரி. மே மாதம் மத்தியானம் பட்டான்செரு தகரக் கொட்டகைக்குள் நின்றுகொண்டு சொல்லட்டும் இதை.

பாமா மனசுக்குள் பொருமினாள். எதிரே சந்தானம் கணினியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். சனத்நகரில் அவர் நடத்தும் வரைபட அலுவலகத்தில் அவளுக்கு ஏழு வருஷ வேலை. படத்தை வரைந்தவளும் அவள்தான். கோபத்தில் பாதி அதனால்.

பட்டான்செரு ஆலை ஒன்று கேட்ட படம் அது. வெயில் முன்னைவிட ஏறிவிட்டது, கோடையில் மத்தியான ஓய்வு வேண்டும் என்று அங்கே தொழிலாளர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். மறுக்க ஆலைக்கு ஓர் ஆதாரம் தேவைப்பட்டது. நூறு வருஷத்துக்கு முந்தைய உலக வெப்பநிலை வரைபடத்தை எடுத்து, ஒரே வெப்பமுள்ள இடங்களை இணைக்கும் அதன் சமவெப்பக் கோடுகளை இன்றைய அளவுகளோடு பாமா பொருத்தினாள். ஹைதராபாத்தின் மேல் அன்றைய மே மாதக் கோடு முப்பத்தாறு. இன்றைய சராசரி முப்பத்துநாலு.

காலையில்தான் ஓரத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். உலகத்தை மண்டலங்களாகப் பிரிக்க வசதியாக, எல்லா ஊரையும் கடல்மட்டத்துக்கு இறக்கிக் கணக்கிட்டிருந்தார்கள். ஹைதராபாத் இருப்பதோ ஐந்நூற்று நாற்பது மீட்டர் உயரத்தில். அந்த உயரத்துக்கு மூன்றரை டிகிரி கழித்தால் அன்று முப்பத்திரண்டரைதான். ஊர் குளிரவில்லை, ஒன்றரை டிகிரி கொதித்திருக்கிறது. கல்லூரி முதல் வருஷப் பாடம். அதைக் கோட்டைவிட்டுவிட்டு நேற்று பாராட்டையும் வாங்கிக்கொண்டோமே என்று தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்வாசியான சந்தானம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் உருது கலந்த தமிழில் சொன்னார்.

"ஹவ்மா, தப்புதான். ஆனா அந்தப் பொடி எழுத்த அவங்க காய்கு, எதுக்குப் படிக்கப் போறாங்க? ஓரத்த வெட்டிடு."

நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ நேர்மையாக எழுதி வைத்த ஒற்றை வரி. அதையும் வெட்ட வேண்டுமாம், அதுவும் அவள் கையால். தெரியாமல் செய்தது நேற்றோடு போயிற்று. இனி செய்தால் அதற்குப் பெயர் வேறு.

திருத்திய படத்தை அனுப்பலாமே என்று கேட்டாள். அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று சிரித்தார். பிறகு 'சரிபார்த்தவர்' என்றிருந்த கட்டத்தைக் காட்டி, கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

"டாக்டர் பட்டம் உனக்குத்தாம்மா இருக்கு. பேரப் போடு, அனுப்பிடுவோம்."

கத்திவிடுவோம் என்றுதான் பயந்தாள். குரல் தாழ்ந்தே வந்தது.

"இதுக்குக் கீழ என் பேரு வராது சார்."