நல்ல பக்கம் கொஞ்சம் சும்மா இருக்கட்டும்

ஆஸ்பத்திரியில், மூளையைத் தூண்டும் காந்தக் கருவியைக் கையில் பிடித்திருந்த டெக்னீஷியன் பெண் அதைத் தையல் கடை மாஸ்டருடைய தலையின் வலது பக்கத்தில் வைத்ததும், அருகில் நின்ற அவர் மனைவிக்குச் சுருக்கென்றது. பக்கவாதத்தில் விழுந்துபோனது வலது கை. அதை ஆட்டிவைக்கும் மூளை இடது பக்கம் என்று டாக்டரே படத்தில் காட்டியிருக்கிறார். இந்தப் பெண் என்னடாவென்றால் நன்றாக இருக்கிற பக்கத்தில் வைத்து டக் டக்கென்று தட்டுகிறாள். போதாக்குறைக்கு, துள்ளுவதும் நன்றாக இருக்கிற இடது கைக் கட்டைவிரல்தான்.

"ஏம்மா, பக்கம் மாத்தி வெச்சிருக்கீங்க."

"சரியான பக்கம்தாங்க."

"அவருக்கு வலது கைதான் வரல. நல்லா இருக்கறதுக்கு எதுக்கு வைத்தியம்?"

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க, நான் பேசிக்கறேன்" என்றாள் மனைவி. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவளுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? இருவரும் சேர்ந்து நடத்தும் கடை. அவர் வெட்டுவார், அவள் தைப்பாள். அந்தக் கை திரும்பாவிட்டால் அவர் இனி துணி வெட்டப் போவதில்லை. விழுந்த நாளிலிருந்து ஊட்டுவது, துடைப்பது, தலை வாருவது எல்லாம் அவள்தான். அவர் கை ஸ்பூன் பக்கம் நகர்வதற்குள் அவள் கை அங்கே போய்விடும். ஒருத்தி எத்தனைதான் பார்ப்பாள்?

டெக்னீஷியன் பொறுமையாகத்தான் சொன்னாள். "ஒரு பக்கம் அடிபட்டா, நல்ல பக்கம் ரொம்ப அதிகாரம் பண்ண ஆரம்பிச்சிடும். எல்லாத்தையும் தானே இழுத்துப் போட்டுக்கும். அடிபட்டதத் தலையெடுக்க விடாது. இந்தக் காந்தத்தால நல்லத கொஞ்ச நேரம் அடக்கி வெச்சா, பாவம், இதுவும் முயற்சி பண்ணிப் பாக்கும்ல."

மாஸ்டர் கண்ணை மட்டும் திருப்பி மனைவியைப் பார்த்தார். கோணிப்போன வாயில் ஒரு சிரிப்பு.

"என்ன பார்வை?" என்றாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் சொல்லாமலே உறைத்துவிட்டது, அதுதான் இன்னும் எரிச்சல்.

பிறகு பக்கத்து அறையில் பயிற்சி. போட்டிருந்த சட்டையின் பட்டன்களைக் கழற்றிவிட்டு, வலது கையால் திரும்பப் போடச் சொன்னார்கள். அவர் விரல் பட்டனைத் தேடியது, பிடித்தது, நழுவவிட்டது. மனைவியின் கை தானாக எழுந்தது. இழுத்து அக்குளில் செருகிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் ஒரு டஜன் பட்டன் தைத்திருப்பாள்.

ஒருவழியாகப் போட்டு முடித்தார். ஒரு துளை தள்ளி. சட்டை ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் தொங்கியது. ஊருக்கே சட்டை தைக்கிறவளின் புருஷன் இந்தக் கோலத்தில். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே அழைத்து வந்தாள்.

கடை வாசலில் இறங்கியதும் பக்கத்து சலவைக் கடைக்காரர் வந்தார். "என்ன அண்ணி, பட்டன மாத்திப் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டீங்க" என்று சரிசெய்யக் கையை நீட்டினார்.

"கைய எடுங்க" என்றாள். "அவரே போட்டது."